‘கரண்ட்’ வைக்கும்போது மூச்சைப் பிடித்தால்... இதயத்துக்குப் பாதுகாப்பு!

“ஆபரேஷன் முடிஞ்சது. இனி கரண்ட் வைக்கணுமாம்...” மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டுவரும் பெண்களின் வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்டதுமே பயம் வந்துவிடுகிறது. பேச்சுவழக்கில்தான் அது கரண்ட். கதிர்வீச்சு சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற இயந்திரத்திலிருந்து வரும் அதிக ஆற்றலுள்ள எக்ஸ்ரே கதிர்கள், எஞ்சியிருக்கக்கூடிய புற்றுநோய் செல்களை அழிக்கின்றன. கதிர் பாயும்போது வலி தெரியாது.

இதயத்துக்கு என்ன ஆபத்து?

இடது மார்பகத்தில் புற்றுநோய் என்றால் கூடுதல் கவனம் தேவை. காரணம், மார்புச் சுவரை ஒட்டியே இதயம் இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க் பெண்களிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வு முக்கியமானது. இதயத்தில் சராசரியாக விழும் ஒவ்வொரு 1 கிரே கதிர்வீச்சுக்கும், மாரடைப்பு போன்ற தீவிர இதயப் பாதிப்புக்கான வாய்ப்பு, ஏற்கெனவே இருப்பதைவிட 7.4 சதவிகிதம் கூடுவதை அது காட்டியது.

மூச்சே கவசம்

ஆழமாக மூச்சை இழுத்தால் நுரையீரல் விரியும். இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும். அப்படியே சுமார் 20 விநாடிகள் மூச்சைப் பிடித்திருக்கும்போது மட்டும் கதிர் பாய்ச்சப்படும். மார்பின் உயரத்தை கேமராக்கள் கண்காணிக்கும். மூச்சு தளர்ந்தால் கதிர் உடனே நின்றுவிடும். ஆசுவாசப்படுத்திக்கொண்டு மறுபடி தொடரலாம். இதற்கான பயிற்சி, திட்டமிடலுக்காக சி.டி. ஸ்கேன் எடுக்கும்போதே தரப்படும். மூச்சைப் பிடிக்க முடியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

கவனிக்க வேண்டியவை

* தோலில் போட்ட அடையாளங்களைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது.

* பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

* தோல் சிவப்பது, களைப்பு ஆகியவை வரலாம். மருத்துவரைக் கேட்காமல் க்ரீம், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

* ஒருநாள்கூடத் தவறவிடாமல் போவது நல்லது. முன்பு 5 வாரங்கள் நடந்த சிகிச்சை, இப்போது பலருக்கு 3 வாரங்களில் முடிந்துவிடுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை... வெளியிலிருந்து தரப்படும் இந்தக் கதிர்வீச்சு, இயந்திரம் நின்றதும் உடலில் தங்குவதில்லை. அவருக்குத் தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் அம்மாவை, குழந்தைகள் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.