உங்களுக்குத் தெரியுமா? ஏழு தட்டில் திறக்கும் பட்டியல்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால், அதுவரை கண்ணில் படாத 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பட்டியல் திறக்கும். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் அது ஒளிந்தே இருக்கிறது.

• பாரிட் புந்தார் நிலையத்தில் கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரமே போதும். அந்தப் பட்டியலில் அனிமேஷனுக்கான மூன்று 'ஸ்கேல்' வரிகளையும் 0.5 ஆக்குங்கள்; பழைய கைப்பேசியிலும் திரைகள் சட்டென்று மாறும். பிடிக்கவில்லையா? மீண்டும் 1.

• கைப்பேசியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான 'பூட்லோடரை'த் திறக்காதீர்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள் உட்பட எல்லாம் அழிந்துவிடும்.

• கணினியிலிருந்து கைப்பேசியைக் கையாள விடும் 'யூஎஸ்பி டீபக்கிங்'கை வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். சில வங்கிச் செயலிகள் அது திறந்திருந்தால் இயங்காது. முன்பின் தெரியாதவர் அழைத்து இதைத் திறக்கச் சொன்னால் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் பறிபோனால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள்.