வரைவிலக்கணமும் பிறப்பாக்கமும்: தரவுக் கட்டமைப்புப் பற்றிய ஒரு குறிப்பு

கணினிக்கான செய்நிரலை மனிதனே வரிவரியாக எழுதவேண்டும் என்ற நிலை மாறிப் பல காலமாகிவிட்டது. தரவின் அமைப்பு இன்னதென வரையறுத்துக் கொடுப்பின், அத்தரவை எழுதவும் வாசிக்கவும் வேண்டிய நிரலை இன்னொரு நிரலே ஆக்கித் தருகின்றது. கூகுள் நிறுவனம் தன்னகத்தே பயன்படுத்திவந்து, 2008 இல் பொதுப் பாவனைக்கு வெளியிட்ட புரோட்டோகோல் பஃபர்ஸ் இதற்குத் தக்க உதாரணமாகும். ஒரே வரைவிலக்கணத்திலிருந்து சீ பிளஸ் பிளஸ், ஜாவா, பைதன் முதலிய பல மொழிகளில் நிரல் பிறக்கின்றது. எனவே வரைவிலக்கணத்தில் நேரும் வழு ஓரிடத்து வழுவன்று. பிறக்கும் நிரல் யாவற்றிலும் அது ஒருங்கே குடியேறிவிடுகின்றது. நூற்பாவுக்கும் உரைக்கும் உள்ள உறவு போன்றது இது எனக் கூறத் தோன்றும். ஆயின் உரையாசிரியன் நூற்பாவோடு முரண்படுவதுண்டு. பிறப்பாக்கிக்கு அவ்வுரிமை இல்லை.

பரீட்சைப் பெறுபேற்றை நாம் உதாரணமாகக் கொள்வோம். சுட்டெண்ணை முழுவெண் என வரையறுத்தால் 0042 என்பது 42 ஆகிவிடும். சுட்டெண் கூட்டவோ கழிக்கவோ படுவதில்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயரே. ஆதலின் அதனை எழுத்துத்தொடராகக் கொள்வதே முறை.

புள்ளியைப் பொறுத்தவரை பிரச்சினை மேலும் ஆழமானது. பூச்சியம் பெற்ற மாணவனும் பரீட்சைக்குத் தோற்றாத மாணவனும் ஒருவரல்லர். ஆனால் 2016 இல் நிலைபெற்ற மூன்றாம் வடிவத்தில், சாதாரண எண் புலமொன்றின் பெறுமதி பூச்சியமாயின் அது அனுப்பப்படுவதே இல்லை. பெறுபவன் வெறுமையைப் பூச்சியமென வாசிக்கின்றான். அன்று நோயுற்றுப் படுத்திருந்தவனும் விடைத்தாளை வெறுமையாக ஒப்படைத்தவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். இக்குறையை உணர்ந்தே ‘ஒப்ஷனல்’ என்னும் அடைமொழி மீளக் கொணரப்பட்டு, 2021 இன் 3.15 ஆம் பதிப்பில் இயல்பான பாவனைக்கு வந்தது. அதனை இட்டால் ‘புள்ளி உண்டா?’ எனத் தனியே வினவும் வழியும் பிறக்கும் நிரலில் அமைகின்றது.

இதனோடு தொடர்புடையது வகைப் பட்டியல். அதன் முதற் பெறுமதி பூச்சியமாக இருத்தல் வேண்டும் என்பது அவ்வடிவத்தின் விதி. ‘சித்தி’ என்பதை அவ்விடத்தில் வைத்தால் பெறுபேறு நிரப்பப்படாதவர் அனைவரும் சித்தியெய்திவிடுவர். ‘சித்தியின்மை’ என்பதை வைத்தால் மறுதலை நிகழும். ‘குறிப்பிடப்படாதது’ என்பதே பூச்சியத்துக்கு உரியது.

பெயர்ப் புலத்திலே வேறொன்று வெளிப்படுகின்றது. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டாகப் பிரித்து, இரண்டும் கட்டாயம் என விதிப்பவன் தன் சமூகத்தின் வழக்கை உலகின் வழக்காகக் கொள்கின்றான். தந்தையின் பெயரை முன்னிட்டு எழுதும் நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்பதே இல்லை. இரண்டாம் வடிவத்தில் ‘கட்டாயம்’ எனக் குறித்த புலம் இல்லாத செய்தி முழுமையாகவே நிராகரிக்கப்பட்டது. மூன்றாம் வடிவம் அவ்வடைமொழியையே நீக்கிவிட்டது. வரையறுப்பவன் ஒருவன், படிவத்தை நிரப்புபவன் வேறொருவன் என்ற வேலைப்பிரிவினை நிலவும்வரை இத்தகைய தவறுகள் தற்செயலானவை என நாம் கருதுவதற்கில்லை. முழுப்பெயரை ஒரே எழுத்துத்தொடராகக் கொள்வது நன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடொன்று மூன்று பைற்றுகளைக் கொள்வதால், நீள வரம்பைப் பைற்றுக் கணக்கில் விதிப்பதும் தவறாகும்.

இறுதியாகப் புல எண். அனுப்பப்படும் தரவில் புலத்தின் பெயர் செல்வதில்லை, எண்ணே செல்கின்றது. 1 முதல் 15 வரையான எண்கள் ஒரு பைற்றில் அடங்குவதால், அடிக்கடி வரும் புலங்களுக்கு அவை உரியன. 4 என்பது புள்ளியைக் குறித்து வந்து, பின்னர் அப்புலம் நீக்கப்பட்டு, அதே எண் ‘தோற்றிய தடவைகள்’ என்பதற்கு வழங்கப்பட்டதென்க. இரண்டும் முழுவெண்களே. பழைய கோப்பில் 72 புள்ளி பெற்றவள் 72 தடவை தோற்றியவளாக வாசிக்கப்படுவாள்; பிறப்பாக்கியோ நிரலோ யாதொரு முறைப்பாடும் செய்யா. நீக்கிய எண்ணை ‘ரிசேர்வ்ட்’ என ஒதுக்கி எழுதிவைத்தால் மாத்திரமே, அதனை மீளப் பயன்படுத்த முயலும் வரைவிலக்கணத்தைப் பிறப்பாக்கி ஏற்க மறுக்கும்.