மார்கரீத் என்னும் முத்து

நம் கடற்கரைப் பங்குகளில் மார்கரீத், ரீத்தா, ரீத்தம்மாள் என்னும் பெயர்கள் வழங்கிவருதலை யாவரும் அறிவோம். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இட்டு மகிழ்வது நமது வழக்கம். ஆயினும் அப்பெயரின் பொருள் யாதென வினவினால், "அது ஒரு புனிதையின் பெயர்" என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. முத்துக்குளித்துறையில் பிறந்த நாம் இதனை அறியாதிருத்தல் தகுமோ?

மார்கரீத் என்றால் முத்து. கிரேக்க மொழியில் முத்துக்கு 'மர்கரித்தேஸ்' என்று பெயர். அச்சொல்லைக் கிரேக்கர் கிழக்கு நாட்டாரிடமிருந்து பெற்றனர் என்பது மொழியறிஞர் கருத்து. அதுவே இலத்தீனில் மர்கரீத்தா ஆயிற்று. ரஷ்யரும் தம் பெண்மக்களுக்கு மர்கரீத்தா என்று பெயரிட்டு, வீட்டில் ரீத்தா எனச் செல்லமாய் அழைப்பர். இத்தாலியின் காஸ்சியா நகர்ப் புனித ரீத்தாவின் முழுப்பெயரும் இதுவே. ஆகவே நம் இல்லத்து ரீத்தாக்கள் அனைவரும் முத்துக்களே!

அக்கிரேக்கர் நம் முத்தையும் அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழி நூலொன்று, பாண்டியரின் கொற்கையில் நிகழ்ந்த முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகளே அங்குக் கடலில் இறக்கப்பட்டனர் என்றும் அந்நூல் கூறுகிறது. உயிருக்கு அஞ்சாதவரே செய்யத்தக்க தொழிலன்றோ அது!

விலையுயர்ந்த முத்தொன்றைக் கண்ட வணிகன், தனக்குள்ள யாவற்றையும் விற்று அதனை வாங்கினான் என்று நம் ஆண்டவர் உவமை கூறினார். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அங்கு வருவதும் இதே சொல்தான். அவ்விலையின் அருமையை நம் முன்னோர் தம் உடலால் அறிந்தனர். கல்லைக் கயிற்றில் கட்டி, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்தில் இறங்கிச் சிப்பி சேர்த்தனர். கரையில் நூறு சிப்பிகளைத் திறந்தும் ஒரு நல்முத்துக் காணாத நாள்கள் உண்டு.

முத்து விளையும் விதமும் சிந்திக்கத்தக்கது. தன் உடலில் புகுந்து உறுத்தும் பொருளைச் சிப்பி வெளியே தள்ள இயலாதபோது, அதனை ஒளிரும் படலங்களால் அடுக்கடுக்காய் மூடுகிறது. உறுத்தலே முத்தாகிறது. புனித ரீத்தாவின் வாழ்வும் அத்தகையதே. கணவர் கொலையுண்டபோது அவர் பழிவாங்க எண்ணவில்லை, கொன்றவர்களை மன்னித்தார். 1457-இல் மறைந்த அவருக்குத் திருச்சபை 1900-இல் புனிதர் பட்டம் அளித்தது.

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. முத்து எடுத்த தோணிகளைக் கண்டவர் இன்று முதியோரே. ஆனால் அம்முத்தின் பெயர் நம் வீடுகளில் இன்னும் வாழ்கிறது.

பெற்றோரே, உங்கள் மகள் மார்கரீத்தாயினும் ரீத்தாவாயினும், அவளை அருகில் அழைத்து அப்பெயரின் பொருளைச் சொல்லுங்கள். பெண் பிறந்தாள் என்று முகம் வாடுவோர் இன்றும் நம்மிடையே உளர். திருமுழுக்கு நாளில் முத்தென்று பெயர் சூட்டியபின், அவளைச் சுமையென்று எண்ணுதல் முறையாகுமோ?