ஓடிப்போன உசுரே, வா!

உங்க ரூம்மேட் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன்னு வெச்சுக்குங்க. விடிகாலையில ரூமுக்குத் திரும்புற வழியில ஒரு கோரமான லாரி விபத்தைக் கண்ணால பார்த்துட்டான். அன்னையிலேர்ந்து ஆளே சரியில்லை. சோறு இறங்கலை, தூக்கத்துல அலறல், பகல்ல வெறிச்ச பார்வை. ஹவுஸ் ஓனர் அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க: "புள்ளை பயந்திருக்குப்பா. பெரியபாளையம் கூட்டிட்டுப் போய் வேப்பிலை அடிச்சுட்டு வாங்க தம்பி."

சிரிப்பு வருதா? கொஞ்சம் பொறுங்க பாஸ். இதே டயலாக் மெக்சிகோவுலயும் உண்டு!

அங்கே இந்தக் கோளாறுக்குப் பேர் 'சுஸ்தோ'. ஸ்பானிஷ்ல திடுக்கிடல்னு அர்த்தம். தெற்கு மெக்சிகோவின் சியாபஸ் மலைகள்ல, சினகந்தான்னு ஒரு ஊர். அங்கே இருக்கிறவங்க மாயா இனத்தின் ஒரு பிரிவு. ஹார்வர்டு பேராசிரியர் ஈவான் வோக்ட் 1957ல ஆரம்பிச்சு பல வருஷம் அவங்களோட பழகி எழுதியிருக்கார். அவங்க கணக்குப்படி மனுஷ உயிருக்குப் பதிமூணு பாகம். தடுக்கி விழுந்தாலோ, திடீர்னு பயந்தாலோ அதுல ஒண்ணு ரெண்டு கழண்டு அங்கேயே தங்கிடும். மிச்சத்தை வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்ற ஆள்தான் நோயாளி. 'இலோல்'னு ஒரு வைத்தியர் வருவார். அந்த வார்த்தைக்கே 'பார்க்கத் தெரிஞ்சவர்'னு பொருள். முதல்ல நாடி பிடிச்சு ரத்தம் பேசுறதைக் கேட்பார். அப்புறம் மெழுகுவத்தி, பைன் இலை, கரும்புச் சாராயம், கோழின்னு பெரிய சடங்கு. உயிர் தொலைஞ்ச இடத்துல குச்சியால தரையைத் தட்டி, ஆளோட பேரைச் சொல்லி, வா வான்னு கூப்பிடுவாங்க.

நம்ம பாட்டிங்க சும்மாவா சொன்னாங்க, 'உசுரே போயிடுச்சு'ன்னு!

இதை மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில ஒதுக்காம, சோதிச்சுப் பார்த்தவங்களும் இருக்காங்க. ஆர்தர் ரூபெல்னு ஒரு மானிடவியலாளரும் அவர் குழுவும் மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்துல, 'சுஸ்தோ'ன்னு சொல்லிக்கிட்டவங்களையும் மத்தவங்களையும் ஒப்பிட்டாங்க. 1984ல புத்தகமா வந்துச்சு. மனநோய் அளவுல ரெண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா பயந்தவங்களுக்கு உடல் நோய் அதிகம். ஏழு வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, செத்துப்போனவங்களும் அவங்கள்லதான் அதிகம். அதாவது, 'பயந்துட்டேன்'னு சொன்ன ஆளுக்கு உள்ளே நிஜமாவே ஏதோ இருந்திருக்கு. 'எல்லாம் உன் பிரமைடா மச்சி'ன்னு சொன்ன ஃப்ரெண்டும் தப்பு, சடங்கு மட்டும் போதும்னு விட்ட மாமாவும் தப்பு.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். செங்குன்றம் தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டுல ஊத்துக்கோட்டை பக்கம் திரும்பினா பெரியபாளையம். ஆரணி ஆத்தங்கரையில பவானி அம்மன். ஆடி மாசம் அந்தப் பக்கம் பஸ் ஏறிப் பாருங்க, நிக்க இடம் கிடைக்காது. உடம்பு தேறினவங்க வேப்பஞ்சேலை கட்டிக்கிட்டுக் கோயிலைச் சுத்தி வருவாங்க. வேப்பிலைக் கொத்தே சேலை. திருவள்ளூர்ல வீரராகவப் பெருமாளுக்குப் பேரே 'வைத்திய வீரராகவர்'. அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும், குளத்துல வெல்லம் கரைப்பாங்க. அந்தக் குளத்தோட பேரைக் கவனிச்சிருக்கீங்களா? ஹிருத்தாபநாசினி. உள்ளத்துத் தாபத்தைப் போக்குறவள்! எந்த மனநல டாக்டர் போர்டுலயும் இவ்வளவு அழகான பேரை நான் பார்த்ததில்லை.

பேர் அழகா இருக்கலாம், வேலை செய்யுமா? பெங்களூரு நிம்ஹான்ஸ் டாக்டர்கள் ரகுராமும் அவர் சகாக்களும் தமிழ்நாட்டுலயே ஒரு கோயிலைத் தேர்ந்தெடுத்தாங்க. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில். மனநோயோட அங்கே தங்கியிருந்த 31 பேரை, வந்தப்போவும் கிளம்புறப்போவும் சோதிச்சாங்க. சராசரியா ஆறு வாரம் தங்கியிருந்தவங்களுக்கு நோயின் தீவிரம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு இது. இத்தனைக்கும் அங்கே பேயோட்டுறது மாதிரி விசேஷ சடங்கு எதுவும் கிடையாது. காலையில கோயில் வேலை, கூடவே துணைக்கு ஒரு சொந்தக்காரர், யாரும் அடிக்கலை, விரட்டலை. அவ்வளவுதான். 31 பேர்னா சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேற குழுவும் இல்லை. அதை வெச்சு மாத்திரையை நிறுத்தச் சொல்றவர் ஏமாத்துறார்னு அர்த்தம்.

தொழிற்சாலைக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, மலேசியாவைக் காட்டலாம். 1970கள்ல அங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள்ல மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார்ந்த மலாய்ப் பொண்ணுங்க திடீர் திடீர்னு அலறி விழுந்தாங்க. நிர்வாகமே 'போமோ'ன்னு சொல்ற மந்திரவாதியைக் கூப்பிட்டு பலி கொடுக்க வெச்சது! ஐவா ஓங் 1987ல எழுதின புத்தகத்துல இதைத்தான் கேட்கிறார்: பேய் மெஷின்லயா, ஷிஃப்ட்லயா? இலக்கு, சூப்பர்வைசர் பார்வை, வீட்டை விட்டு வந்த தனிமை... இதெல்லாம் சொல்ல வேற பாஷை இல்லாதப்போ உடம்பு அலறுது. ஒடிசாவுலேர்ந்தும் பீகார்லேர்ந்தும் வந்து கும்மிடிப்பூண்டியில பத்துக்குப் பத்து ரூம்ல அடைஞ்சு கிடக்கிற பசங்களுக்கு, பேரைச் சொல்லி 'வா'ன்னு கூப்பிட பக்கத்துல யார் இருக்கா?

கூப்பிடுறது வேற, கட்டிப் போடுறது வேற. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவங்களைத் தனியார் காப்பகம் ஒண்ணு சங்கிலியில பிணைச்சு வெச்சிருந்தது. தீப்பிடிச்சப்போ ஓட முடியலை. 28 பேர் போயிட்டாங்க. 2017ஆம் வருஷ மனநலச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால கட்டக்கூடாது, அது குற்றம். பின்னாடி அதே ஏர்வாடியில 'தவா-துவா'ன்னு, மருந்தும் பிரார்த்தனையும் ஒண்ணா கிடைக்கிற ஏற்பாடு வந்துச்சு.

அதனால ரூம்மேட் பெரியபாளையம் போகணும்னா போகட்டும், நீங்களும் கூடப் போங்க. வேப்பிலை அடிக்கட்டும், விபூதி பூசட்டும். அடி, சூடு, பட்டினின்னு யாராவது ஆரம்பிச்சா உடனே கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்துடுங்க. ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துடுங்க. ரெண்டு வாரமாகியும் தூக்கம் வரலைன்னாலோ, காதுல யாரோ பேசுறாங்கன்னாலோ டாக்டர்கிட்ட போகணும். சாவைப் பத்திப் பேசினா அன்னைக்கே! அரசாங்கத்தோட டெலிமானஸ் எண் 14416. 2022லேர்ந்து இருக்கு, இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழ்ல பேசலாம். நேர்ல பார்க்கணும்னா சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. கும்மிடிப்பூண்டியில லோக்கல் டிரெய்ன் ஏறினா சென்ட்ரல், அங்கேர்ந்து கிட்டக்கத்தான். காலையிலேயே கிளம்பிடுங்க. ரெண்டு டிக்கெட்டா எடுங்க.