ஒரு முழு நிமிடம்

மாலை நேரத்தில் குழந்தைகள் கிளினிக்கில் டோக்கனோடு காத்திருக்கும்போது, கூடமே அதிரும்படி ஒரு பிள்ளை வீறிட்டு அழும். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். அனுபவமுள்ள நர்ஸின் கண்ணோ, மூலையில் அம்மாவின் தோளில் சத்தமே இல்லாமல் துவண்டு கிடக்கும் இன்னொரு குழந்தையிடம் போகும். வீறிட்டு அழ நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். அது இல்லாத குழந்தை அழாது.

“நெஞ்சுல சளி கட்டியிருக்கு டாக்டர்” என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். பெரும்பாலும் அது வைரஸ் தந்த சளி; சில நாளில் தானே போய்விடும், ஆன்டிபயாடிக் தேவையில்லை. சிலருக்கு மட்டும் அது நிமோனியா. யாருக்கு என்று பிரித்தறிவதில்தான் சிரமம். திமிறி அழும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அழுகைதான் கேட்கும். எக்ஸ்ரே எல்லா ஊரிலும் கிடையாது.

பப்புவா நியூ கினியின் மலைநகரமான கொரோகாவில் இதே சிக்கலோடு இருந்தவர் குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷான். இருமலோடு வரும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு ஓடினால் நிமோனியாவாக இருக்கலாம் என்று 1984இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். எல்லா வயதுக்கும் ஒரே எண் பொருந்துமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் வேலூர்க்காரர்களும் உண்டு. சிஎம்சி மருத்துவமனையின் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, ஒரு வயதுக்குள் 50, அதைத் தாண்டினால் 40 என்று பிரித்துக் காட்டியது. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் அதுதான்: 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

எண்ணிக்கை ஏன் கூடுகிறது? நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் சேரும்போது அது விறைத்துப்போகிறது. விறைத்ததை ஆழமாக விரிக்கப் பெரும்பாடு. அதனால் குழந்தை சின்னச் சின்ன மூச்சாக, அடிக்கடி இழுக்கிறது. நோய் இன்னும் முற்றினால் உதரவிதானம் பலமாகக் கீழே இழுக்கும். பச்சிளம் விலா எலும்புகள் மெத்தென்று இருப்பதால், மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி குழிந்துபோகும்.

எண்ணுவதில் அவசரம் கூடாது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. விரைந்து ஓடும், சற்று நிற்கும், மறுபடி ஓடும். முழு நிமிடம் எண்ணினால்தான் சரியான கணக்கு கிடைக்கும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக்கூடாது. தூங்கும் குழந்தையின் சட்டையை மெல்ல உயர்த்தி, வயிறு எழுந்து தாழ்வதைப் பார்த்தால் போதும். இதை வீட்டில் பாட்டியும் செய்யலாம்.

நிமோனியாவின் முக்கியமான இரு காரணங்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஹிப் கிருமியைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, இந்திய அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. நியூமோகாக்கல் ஊசி 2021இல் நாடு முழுவதும் வந்தது. இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

வேகமூச்சு மட்டும் இருந்தால் பலரை வாய்வழி அமாக்ஸிசிலின் கொடுத்து வீட்டிலேயே குணப்படுத்தலாம். பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் டோக்கன் வரிசை வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனைதான். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு எல்லைக்கோடு 60. ஒருமுறை 60 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 60 என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கிளம்புங்கள்.