இடித்த பள்ளியை எழுப்புவது யார்?

நீர் வற்றும் நேரம் பார்த்து பிச்சாவரம் உப்பங்கழியில் இறங்குகிறார்கள் இருளர் பெண்கள். வலை கிடையாது. சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடுகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பக்கத்தில் பள்ளி இருந்தால் வகுப்பில். இல்லையென்றால் அம்மாவோடு தண்ணீரில்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தனர். அதன்பின் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அது சரியான முடிவு. ஆனால் இடித்த இடத்தில் உடனே கட்ட வேண்டும். சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் சாலை, குடிநீர், பட்டா என எல்லாமே கடைசியில்தான் வந்திருக்கின்றன. பள்ளியும் அப்படி வரக்கூடாது. மரத்தடியில் ஓராண்டு உட்காரும் பிள்ளை, அடுத்த ஆண்டு பறியைத் தூக்கிவிடும்.

'பிள்ளைகள் குறைவு, பக்கத்து ஊருக்கு அனுப்புங்கள்' என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி வேண்டும் என்கின்றன 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள். அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இறால் தடவும் அம்மாவுக்கும் அங்கே நாற்காலி உண்டு. கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லி அவர் எழுந்து கேட்கட்டும். படித்த மாணவர்கள் மனு எழுதிக் கொடுப்போம். நாமும் கூட நிற்போம்.