காருக்கு ஒரு போன் நம்பர்

2019 மே மாதம் ஹூண்டாய் வென்யூ வந்தது. அடுத்த மாதமே எம்.ஜி. ஹெக்டர், ஆகஸ்டில் கியா செல்டாஸ். மூன்றுக்கும் விளம்பரத்தில் ஒரே பெருமைதான்: இது இன்டர்நெட் உள்ள கார். வாசலில் நிற்கிற வண்டியைப் போனிலேயே பூட்டலாம், ஏறுவதற்கு முன்பே ஏசி போடலாம், எந்த ஊரில் நிற்கிறது என்று பார்க்கலாம். ஹூண்டாயும் கியாவும் முதல் மூன்று வருடத்துக்குக் காசில்லை என்றன. மூன்று வருடம் முடிந்ததும் வரப்போகிற மெசேஜைப் பற்றி ஷோரூமில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சந்தா முடிகிறது, புதுப்பிக்க இங்கே தொடவும் என்று அது ஒருநாள் வந்து நிற்கும். எங்கள் பக்கம், அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் கார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது அந்தக் கேள்வி வந்துவிட்டது. கட்டலாமா, விட்டுவிடலாமா?

காசு எதற்குப் போகிறது என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. டெலிமேட்டிக்ஸ் யூனிட் என்பார்கள். அதற்குள் ஒரு மோடம், ஒரு ஜிபிஎஸ் ரிசீவர், கழற்றி மாற்ற முடியாதபடி போர்டிலேயே பற்றவைத்த ஓர் இ-சிம். சிம் என்றால் அதற்கு நம்பர் வேண்டுமே? உண்டு. நமக்குப் பத்து இலக்கம், காருக்குப் பதிமூன்று. இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சிம்களுக்கு 13 இலக்க எண் தரவேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. சந்தா என்று நாம் கட்டுவது முதலில் இந்த சிம்மின் ரீசார்ஜ். அதோடு கம்பெனியின் சர்வருக்கும் கால்சென்டருக்குமான செலவும் லாபமும் சேரும்.

அந்தப் பெட்டி செய்கிற வேலை சாதாரணமானதல்ல. சென்னையில் இருக்கும் மகள், திருச்சுழியில் அப்பா வீட்டு வாசலில் நிற்கும் காரைப் போனில் பூட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் விரல் பட்ட கட்டளை நேராகத் திருச்சுழிக்கு ஓடி வராது. சென்னை டவர் வழியாக முதலில் கார் கம்பெனியின் சர்வருக்குப் போகும். இந்தப் பெண்ணுக்கு இந்தக் காரைத் தொட உரிமை உண்டா, சந்தா உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். பிறகு கட்டளையை மொபைல் கம்பெனியிடம் கொடுக்கும். காரின் சிம் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று பார்த்து, அந்த டவர் வழியாக மொபைல் கம்பெனி காரைக் கூப்பிடும்.

அந்த நேரத்தில் கார் தூங்கிக்கொண்டிருக்கும். இன்ஜின் ஓடவில்லை, ஆல்டர்னேட்டர் சுற்றவில்லை, இருப்பது 12 வோல்ட் பேட்டரி மட்டும். மோடம் முழு விழிப்பில் இருந்தால் பேட்டரி தாங்காது. அதனால் ஓரிரு நொடிக்கு ஒருமுறை மட்டும் விழித்து, என்னை யாராவது கூப்பிட்டீர்களா என்று டவரைக் கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். பல கார்களை எழுப்புவது சாதாரண எஸ்எம்எஸ் தான். அது வந்ததும் மோடம் எழும். காருக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பேசிக்கொள்ளும் ஒரு ஜோடிக் கம்பி உண்டு. பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட கேன் என்னும் முறை அது. மோடம் அந்தக் கம்பியில் செய்தியைப் போடும். கதவுப் பூட்டின் மோட்டார் சுற்றும், இண்டிகேட்டர் ஒருமுறை மின்னும். பூட்டியாகிவிட்டது என்ற பதில் வந்த வழியே சென்னைக்குத் திரும்பும். எல்லாம் சில நொடிகள். சிக்னல் சரியில்லாத இடமென்றால் அரை நிமிடத்துக்கு மேலும் ஆகும்.

இந்தத் தூக்கத்துக்கும் விலை உண்டு. ஒரு மாதிரிக் கணக்கு: நிற்கிற கார் 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 0.72 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி சுமார் இரண்டு மாதத்தில் காலி. ஸ்டார்ட் எடுக்கத் திணறுவது அதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிடும். அதனால் சில நாள் ஓடாமல் நின்றால் பெட்டி இன்னும் ஆழமாகத் தூங்கப் போய்விடும்படி வைத்திருக்கிறார்கள். பிறகு நேரில் போய் ஸ்டார்ட் செய்தால்தான் விழிக்கும். தூரத்தில் சும்மா நிற்கிற காரைக் கண்காணிக்கத்தானே சந்தா என்று கேட்டால், அந்தக் காரைத்தான் அது சில நாளில் கைவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து சொந்த ஊர்க் காரைப் பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் புதுப்பிப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார் எங்கே நிற்கிறது என்று தெரிவதற்குத்தான் காசு என்று பலர் நினைக்கிறார்கள். அது தெரிவது இலவசம். ஜிபிஎஸ் துணைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி தங்கள் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கு துணைக்கோள்களின் நேரம் காதில் விழுந்தால் ரிசீவர் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுவிடும். ரேடியோ கேட்பது மாதிரிதான். கேட்பவர் யாரென்று நிலையத்துக்குத் தெரியாது, பில்லும் வராது. அந்தக் கணக்குக்குள் ஐன்ஸ்டீனும் உட்கார்ந்திருக்கிறார். துணைக்கோள் கடிகாரம் பூமியில் இருக்கும் கடிகாரத்தைவிட நாளுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும் என்பது சார்பியல் கொள்கையின் முடிவு. ஒளி அந்த நேரத்தில் 11 கி.மீ. போய்விடும். திருத்தாமல் விட்டால் அருப்புக்கோட்டையில் நிற்கும் காரின் தூரக் கணக்கில், திருச்சுழிக்குப் பாதி வழியைத் தாண்டும் அளவுக்குப் பிழை ஒரே நாளில் சேரும். நம் இஸ்ரோ நாவிக் துணைக்கோள்களை அனுப்பியதும் இதே வேலைக்குத்தான். அதற்கும் யாரும் சந்தா கேட்பதில்லை.

ஆக, கார் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளக் காசு வேண்டாம். அதை இன்னொருவருக்குச் சொல்லத்தான் சிம் வேண்டும். நான் இந்தக் கேள்வியைப் பார்ப்பது இந்த இடத்திலிருந்துதான். நீங்கள் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் பையில் ஒரு போன் இருக்கிறது. மேப், பாட்டு, குரல் கட்டளை எல்லாவற்றையும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாக அது திரையில் போட்டுவிடும். காரின் சொந்த சிம்முக்கு வேலை வருவது நீங்களும் காரும் வேறு வேறு இடத்தில் இருக்கும்போது. பிறகு, நீங்கள் உள்ளே இருந்தும் போனை எடுக்க முடியாத நிலையில் கிடக்கும்போது. சந்தா இந்த இரண்டுக்கும்தான். மற்றதெல்லாம் பட்டியலை நீளமாக்க வைத்தவை.

அப்படி நீளமாக்க வைத்ததில் ஒன்று நேரடிப் போக்குவரத்துத் தகவல். சாலையில் போகும் போன்களும் கார்களும் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைச் சேர்த்துத்தான் அந்தச் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் வருகின்றன. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் நான்கு வழிச் சாலையில் அது சரியாக வேலை செய்யும். திருச்சுழி தாண்டி நரிக்குடிப் பக்கம் போனால், நம்மைத் தவிரச் சாலையில் ஆளே இல்லாத மதிய வேளையில் எதைச் சேர்த்து என்ன சொல்வது? அந்தச் சாலைகளில் நமக்குத் தெரிய வேண்டியவை வேறு. ஐப்பசி மழையில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறதா, ரயில்வே கேட் அடைத்திருக்கிறதா, யாராவது ரோட்டில் சோளத்தைக் காயப் போட்டிருக்கிறார்களா. இதற்கு டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பதுதான் இன்றைக்கும் வழி.

வெயிலில் நிற்கும் காருக்கு ஏசி போடுவது கரிசல் காட்டில் சொகுசு இல்லை, தேவை. வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில், மூடிய காருக்குள் சூடு ஏறுவதில் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடும். கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே போகும். சீட்டும் டேஷ்போர்டும் அதை வெப்பமாக்கித் திருப்பி விடும். அந்த வெப்பத்தைக் கண்ணாடி வெளியே விடாது, காற்று மாறவும் வழியில்லை. ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது. ஆனால் இந்த வசதிக்காக மட்டும் வருட சந்தா கட்டுவதற்கு முன் கார் சாவியைப் பாருங்கள். பல மாடல்களில் சாவியிலேயே ரிமோட் ஸ்டார்ட் பட்டன் உண்டு. அது நேரடி ரேடியோ அலை. டவரும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். ஜவுளிக் கடைக்குள் இருந்தபடி வாசலில் நிற்கும் வண்டியைக் குளிரவைக்க அது போதும். அதுவும் இல்லையென்றால் நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் விட்டுவிட்டு ஏறினாலே சூடு ஓரளவு குறையும்.

விபத்துதான் என்னைக் கட்டச் சொல்லும் காரணம். சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் அடைத்து நிற்கும் இந்தச் சாலைகளில், இரவு பத்து மணிக்குமேல் ஒரு கார் பள்ளத்தில் இறங்கிப் புதருக்குள் போய்விட்டால், விடியும்வரை யார் கண்ணிலும் படாமல் போக வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் ஆள் அங்கே கிடப்பது யாருக்காவது தெரிந்தால்தான் இவை இரண்டும் வரும். மோதலின் அதிர்வை ஒரு சிறு சென்சார் உணர்ந்து, ஏர்பேக்கை விரிக்கலாமா என்று முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கண் இமைப்பதில் பாதிகூட இல்லை. அதே முடிவு டெலிமேட்டிக்ஸ் பெட்டிக்கும் போகும். அது கால்சென்டரைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லும். அங்கிருந்து ஒருவர் காருக்குள் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்வார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிதாக அனுமதி பெறும் எல்லாக் கார் மாடலிலும் இந்த அழைப்பு கட்டாயம். சந்தா கிடையாது, நேராக அரசின் 112 எண்ணுக்குப் போகும். இடம், நேரம், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, எத்தனை பேர் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பது உட்பட முக்கிய விவரம் எல்லாவற்றையும் 140 பைட்டுக்குள் அடக்கி அனுப்பும். விபத்து நடக்கும்வரை அந்த சிம் வலைப்பின்னலில் தலைகாட்டாது, அதனால் யாரும் பின்தொடரவும் முடியாது. நம் ஊரிலோ இது சந்தாவோடு கட்டிய சேவை. உயிர் காக்கும் வசதியைப் பாட்டு, மேப்போடு ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கேயும் அரசு அதைத் தனியாகப் பிரித்துக் கட்டாயமாக்கலாம். புதிதாகப் பதிவாகும் மஞ்சள் போர்டு டாக்ஸிகளுக்கும் பஸ்களுக்கும் 2019 முதல் கண்காணிப்புக் கருவியையும் அபாயப் பொத்தானையும் கட்டாயம் ஆக்கியவர்கள்தானே.

எல்லாம் டவர் எட்டும் இடத்தில்தான். போனில் ஒரு கம்பெனி சிக்னல் இல்லையென்றால் வேறு சிம் போடலாம். காரில் அது முடியாது. கார் கம்பெனி எந்த மொபைல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதோ அதுதான் கதி. 2019-ல் வந்த வென்யூவில் இருந்தது வோடஃபோன் ஐடியாவின் இ-சிம். குறைந்த அலைவரிசை, உதாரணமாக 900 மெகாஹெர்ட்ஸ், வெகுதூரம் போகும். 2300 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு தூரம் போகாது. நெடுஞ்சாலையோரம் நெருக்கமாக நிற்கும் டவர்கள் உள்ளே போகப் போக அரிதாகும். அதனால் புதுப்பிக்கும் முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் கார் சிம் எந்தக் கம்பெனி என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அந்தக் கம்பெனி சிம் போட்ட போனோடு வண்டி இரவில் நிற்கும் இடத்துக்கும், நீங்கள் அடிக்கடி போகும் கண்மாய்க் கரைச் சாலைக்கும் போய்ப் பாருங்கள். அங்கே போன் செத்துக் கிடந்தால் கார் மட்டும் பேசிவிடாது.

திறந்த வாசல் இரண்டு பக்கமும் திறக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை வீட்டில் உட்கார்ந்தபடி மொபைல் வலைப்பின்னல் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2023-ல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கையைப் படித்துப் பார்த்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. நீங்கள் எப்போது எங்கே போனீர்கள், எவ்வளவு வேகத்தில் பிரேக் அடித்தீர்கள் என்பதெல்லாம் கார் கம்பெனியின் சர்வரில் சேரும்.

மூன்று வருடம், ஐந்து வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். நான் ஒரு வருடத்துக்குமேல் கட்டமாட்டேன். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களில் விபத்து அழைப்பு உட்பட எல்லாம் ஒரே நாளில் ஊமையாயின. இன்ஜின் 15 வருடம் ஓடும். மோடத்தின் ஆயுளை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

அப்படியானால் யாருக்கு லாபம்? காரை மகனோ ஆக்டிங் டிரைவரோ எடுத்துப் போகிற வீட்டில், வேகம் கூடினாலோ எல்லை தாண்டினாலோ வரும் அலர்ட் உண்மையிலேயே பயன்படும். இரவில் தனியாக நரிக்குடி, கமுதிப் பக்கம் அடிக்கடி ஓட்டுபவர், சிக்னல் சோதனையில் தேறியிருந்தால் விபத்து அழைப்புக்காகக் கட்டலாம்; விபத்தை உணரும் வசதி சில போன்களிலேயே வந்துவிட்டது, அது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும். மின்சாரக் கார் என்றால் கணக்கு வேறு. சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது, எப்போது முடியும் என்பதை ஆப் இல்லாமல் தெரிந்துகொள்வது தலைவலி. சொந்தமாக ஓட்டி, வீட்டு வாசலிலேயே நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய்வருகிற குடும்பத்துக்கு என் யோசனை: விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் சந்தாத் தொகையை, போன வருடம் காருக்கு வெளியே இருந்தபடி அதைக் கூப்பிட்ட தடவைகளால் வகுத்துப் பாருங்கள். புது ஆப் என்று ஆசையில் முதல் மாதம் விளையாடியதைக் கழித்துவிட வேண்டும்.

புதுப்பித்தாலும் விட்டாலும், காரை விற்கும் நாளில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறுவதால் ஆப்பில் பெயர் மாறிவிடாது. விற்றவர் கணக்கை நீக்காவிட்டால், சந்தா உயிரோடு இருக்கும்வரை புது உரிமையாளரின் கார் எங்கே நிற்கிறது என்று பழையவர் பார்க்கலாம், கதவையும் திறக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பதோடு, விற்பவரின் போனிலிருந்து கார் நீங்கிவிட்டதா என்பதையும் கண்ணெதிரே பார்த்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.